இரண்டும் ஜவ்வுதானே, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கல்லூரி கபடி அணியில் ரைடர். இரண்டு மாதத்துக்கு முன் ரைடு போய்த் திரும்பும்போது, யாரும் தொடாமலே முழங்கால் திருகி விழுந்தான். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.சி.எல். என்ற லிகமெண்ட் முழுக்கக் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் நல்லது என்றார்கள். எனக்கு 47 வயது, மளிகைக்கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்துவிடக் கூடாதே என்று ஆறு மாதமாகக் காலையில் ஓட ஆரம்பித்தேன். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. இது டெண்டன் பிரச்சினை, ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்கிறார் அதே டாக்டர். ஊரில் இரண்டையுமே ஜவ்வு என்கிறார்கள். ஒரே ஜவ்வுக்கு மகனுக்குக் கத்தி, அப்பனுக்குப் பயிற்சியா? இதில் இன்னொரு குழப்பம்: மகனுடைய தொடையிலிருந்து ஒரு டெண்டனை எடுத்து, லிகமெண்ட் இருந்த இடத்தில் வைக்கப்போகிறார்களாம். அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே? எடுத்த இடம் என்ன ஆகும்? எண்ணெய் போட்டு வழித்துவிட்டால் சரியாகாதா என்கிறார் என் அம்மா. வருகிற பொங்கல் போட்டியில் ஆடலாமா என்கிறான் மகன்.

வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் கேள்வியையும் மகனின் கேள்வியையும் கடைசியில் பார்ப்போம். முதலில் இந்த 'ஜவ்வு'.

எலும்பு மருத்துவம் பார்க்கிறவர்கள் தினமும் மல்லுக்கட்டும் சொல் இது. முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வில்லை கிழிந்தாலும் ஜவ்வு, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கினாலும் ஜவ்வு, லிகமெண்ட் அறுந்தாலும் ஜவ்வு, காதில் ஓட்டை விழுந்தாலும் ஜவ்வு. இதற்குப் போட்டியாக 'நரம்பு' வேறு. குளுக்கோஸ் ஏற்ற நர்ஸ் தேடுவது நரம்பு, காலில் சுருண்டு புடைப்பது நரம்பு, மணிக்கட்டில் விறைத்து நிற்பது நரம்பு, கை மரத்துப்போனால் அதுவும் நரம்பு. முதல் இரண்டும் ரத்தக்குழாய், மூன்றாவது டெண்டன், நான்காவதுதான் உண்மையான நரம்பு. இதில் நம் ஆட்களை மட்டும் குறை சொல்ல முடியாது. யாழில் கட்டிய தந்திக்கும் நரம்பு என்றுதான் நம்மிடம் பெயர். பழைய கிரேக்கத்திலும் 'நியூரான்' என்ற சொல் முதலில் குறித்தது டெண்டன் போன்ற நார்க்கயிறுகளையும் வில்லின் நாணையும்தான். மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் இழைக்கு அந்தப் பெயர் பிறகுதான் போய் ஒட்டிக்கொண்டது.

பள்ளிப் பாடத்தில் தசைநாண், தசைநார் என்று படித்த நினைவு சிலருக்கு இருக்கலாம். ஒரே எழுத்து வித்தியாசம். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும். போதாததற்கு, லிகமெண்டுக்கும் தசைக்கும் நேரடி ஒட்டே கிடையாது, பெயரில் மட்டும் தசை உட்கார்ந்திருக்கிறது. அதனால் இந்தப் பதிலில் டெண்டனை நாண் என்றும், லிகமெண்டைப் பிணைநார் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

நாண் தசையை எலும்போடு சேர்ப்பது. பிணைநார் எலும்பை எலும்போடு சேர்ப்பது. புத்தகம் இந்த இரண்டு வரியோடு நின்றுவிடும். உங்கள் குழப்பம் அதற்கு அப்பால்தான் ஆரம்பிக்கிறது.

பழைய சேந்துகிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு கயிறு உண்டு. ஒன்று ராட்டினத்தின் மேல் ஓடும் தாம்புக்கயிறு. ஒரு முனையில் கை, மறுமுனையில் குடம். கை இழுத்தால் குடம் ஏறும். கயிறு தானாக எதையும் செய்வதில்லை, கையின் பலத்தைக் கொண்டுபோய்க் குடத்தில் சேர்க்கிறது. இதுதான் நாண். இன்னொன்று, ராட்டினத்தைக் குறுக்குக் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு. அதை யாரும் இழுப்பதில்லை. ராட்டினம் ஆடலாம், அசையலாம், ஆனால் கழன்று கிணற்றுக்குள் விழுந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் அதன் பொறுப்பு. இது பிணைநார்.

நேரில் பார்க்க ஆசையென்றால் கறிக்கடையில் ஒரு கோழிக்காலை வாங்குங்கள். வெட்டிய முனையில் வெள்ளையாக நூல்போல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுத்தால், உயிரில்லாத விரல்கள் மடங்கும். சின்ன வயதில் இதை வைத்துத் தங்கையைப் பயமுறுத்தாதவர்கள் குறைவு. அது நாண். அதே காலில் தோலை உரித்து விரல் கணுவைப் பாருங்கள். எலும்பிலிருந்து எலும்புக்குக் குட்டையாக, பட்டையாக வெள்ளை நார் ஓடும். அதைக் கிள்ளி இழுத்தால் ஒன்றும் நடக்காது. கணுவைப் பக்கவாட்டில் ஒடிக்கப் பார்த்தால்தான் அது விறைத்து நின்று தடுக்கும்.

உங்கள் கையிலும் பார்க்கலாம். விரல்களை மேலே தூக்கினால் புறங்கையில் வரிவரியாக எழும்புகின்றனவே, அவை நாண்கள். விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசையே இல்லை. அந்த வேலையைச் செய்யும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பொம்மலாட்டக்காரர்போல நாண்களை இழுக்கின்றன. பில் போடும்போது விரல் நடந்தாலும் வேலை நடப்பது முன்கையில். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட்டு மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு நாண் துருத்தி நிற்கலாம். நிற்காவிட்டால் பயப்படாதீர்கள். உலகில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்கு அது பிறவியிலேயே கிடையாது, இல்லாததால் குறையும் தெரியாது. ஆகவேதான் அறுவை மருத்துவர்களுக்கு அதன்மேல் ஒரு கண். வேறெங்காவது நாண் அறுந்துபோனால் இதை எடுத்து அங்கே தைத்துக்கொள்ளலாம்.

இந்த வித்தியாசத்தை வைத்தேதான் டாக்டர் உங்கள் இருவரையும் சோதித்திருப்பார். யோசித்துப் பாருங்கள். உங்களை நுனிக்காலில் எழும்பச் சொல்லியிருப்பார், வலிக்கிறதா என்று கேட்டிருப்பார். நாணைச் சோதிக்க வேண்டுமென்றால் தசை வேலை செய்ய வேண்டும், அதாவது நீங்கள் வேலை செய்ய வேண்டும். மகனிடம் காலைத் தளர விடச் சொல்லிவிட்டு, முழங்காலை லேசாக மடக்கி, கணைக்கால் எலும்பைத் தன் கையால் முன்னால் இழுத்துப் பார்த்திருப்பார். பிணைநாரைச் சோதிக்கும்போது தசை குறுக்கே வரக் கூடாது, நோயாளி சும்மா இருக்க வேண்டும். நல்ல பிணைநார் இழுத்த எலும்பை டக்கென்று பிடித்து நிறுத்தும். அறுந்திருந்தால் அந்த 'டக்' இருக்காது.

கெட்டுப்போகும் விதமும் வேறு. தாம்புக்கயிறு தினமும் ஓடி ஓடித் தேயும், பிசிர் விடும், ஒருநாளும் ஒரே இழுப்பில் போனதாகத் தெரியாது. ராட்டினத்தைக் கட்டிய கயிறோ பத்து வருடம் நன்றாக இருக்கும். கனமான குடம் சுவரில் மாட்டி வெட்டி இழுத்த ஒரு நொடியில் அறுந்துவிடும். மனித உடம்பிலும் பெரும்பாலும் இப்படித்தான். கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். சச்சின் டெண்டுல்கரை 2004-இல் படுத்திய டென்னிஸ் எல்போ, மட்டையைப் பிடித்துப் பிடித்து முழங்கை நாணில் வந்த தேய்மானம். ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் முழங்கால் பிணைநார்களைக் கிழித்துக்கொண்டது ஒரே கணத்து வேலை. திரும்பி மைதானத்துக்கு வர 2024 மார்ச் ஆகிவிட்டது. டென்னிஸ் எல்போ என்ற பெயரைப் பார்த்துப் பணக்கார நோய் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் அதோடு வருகிறவர்கள் பரோட்டா மாஸ்டர்களும் துணி பிழிகிறவர்களும்தான். டென்னிஸ் மட்டையைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை.

இப்போது உங்கள் குதிகால். கெண்டைக்கால் சதையிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்கும் அந்த நாண், உடம்பிலேயே தடித்தது, வலுவானது. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். கிரேக்கக் கதையின் வீரன் அகிலிஸின் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஓடும்போது அதன் மேல் விழும் இழுப்பு உடல் எடையைப்போல ஆறேழு மடங்கு. அது வெறும் கயிறு அல்ல, ஸ்பிரிங்கும்கூட: காலை ஊன்றும்போது நீண்டு, எழும்பும்போது சுருங்கி, வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் குதிகாலுக்கு மேல் 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையுள்ள பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. நீங்கள் சொல்லும் இடம் அதுதான்.

47 வயதில், இத்தனை வருடம் கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்திருந்த காலை, ஒரே நாளில் ஓட்டத்துக்கு அழைத்துப்போனீர்கள். சதை ஒன்றிரண்டு மாதத்தில் பழகிக்கொள்ளும். நாண் அவ்வளவு சுலபமாகப் பழகாது. இதைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 1955-க்கும் 1963-க்கும் இடையில் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததில், காற்றில் கதிரியக்கக் கரிமம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, பிறகு மெல்லக் குறைந்தது. எந்த வருடம் உடம்பில் சேர்ந்த பொருள் என்பதற்கு அது ஒரு தேதி முத்திரைபோல. டென்மார்க் ஆய்வாளர்கள் அகிலிஸ் நாண்களில் அந்த முத்திரையைத் தேடி 2013-இல் வெளியிட்ட முடிவு இது: நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லலாம். நீங்கள் இன்று ஓடுவது பள்ளிக்கூடக் காலத்து நாணை வைத்துக்கொண்டு.

அப்படியானால் பயிற்சியால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நடுப்பகுதி மாறாவிட்டாலும், நாணின் மற்றப் பகுதிகளும் அதைப் பற்றியிருக்கும் தசையும் பாரத்துக்கு ஏற்பத் தேறுகின்றன. வலியைத் தாங்கும் தன்மையும் கூடுகிறது. இதில் ஒரு கதை சொல்வார்கள். ஸ்வீடனில் ஹோகன் அல்ஃபிரட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கு இதே வலி. ஆபரேஷன் செய்யச் சொல்லிக் கேட்டால், உன்னை விடுப்பில் அனுப்ப முடியாது என்று மேலதிகாரி மறுத்துவிட்டாராம். நாண் அறுந்தே போனால் செய்துதானே ஆக வேண்டும் என்று கோபத்தில் வலிக்க வலிக்கக் குதிகாலுக்குப் பாரம் கொடுத்தார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. 1998-இல் அதையே சிகிச்சையாக எழுதி வெளியிட்டார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலில் மட்டும் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. காலை, மாலை, 12 வாரம். உங்கள் டாக்டர் சொன்ன பயிற்சி இதுவோ இதன் உறவோதான். கொஞ்சம் வலிக்கும், பொறுக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நாணுக்கு வாரக்கணக்கு போதாது, மாதக்கணக்கு வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும். அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். வலி அடங்கும், நாண் பலவீனமாகும். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளைச் சளிக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் தாங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அவற்றால் நாண் அறுபடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-இலேயே கறுப்புக் கட்டமிட்டு எச்சரித்தது. அந்த மாத்திரைகளை யாராவது எழுதிக் கொடுத்தால் குதிகால் விஷயத்தைச் சொல்லுங்கள். மூன்றாவது, ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் 'டப்' என்று இருந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், நாண் அறுந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரைப் பரிசோதனையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களின் நாண் விறைப்பாகும், ஆறவும் நாளாகும்.

மகன் விஷயம் வேறு. ஏ.சி.எல். முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடும் பிணைநார். 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிக நீளம், சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. இளவயதினருடையதை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தபோது 220 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு வரை தாங்கியிருக்கிறது. ஆனால் கோட்டைத் தொட்டுவிட்டுச் சடாரென்று உடம்பைத் திருப்பும்போது பாதம் தரையில் ஊன்றி நின்றுவிட்டால், யாரும் பிடிக்காமலே அந்த அளவும் தாண்டிவிடுகிறது.

மூட்டுக்கு வெளியே இருக்கிற பிணைநார் என்றால் பெரும்பாலும் தானே ஆறும். முழங்காலின் உள்பக்கவாட்டுப் பிணைநார் கிழிந்து வருகிறவர்களில் பலரைப் பட்டை போட்டு, பயிற்சி கொடுத்தே அனுப்பிவிடுகிறோம். காயத்தில் ரத்தம் உறைந்து கட்டி நிற்க, அந்தக் கட்டியின் மேல் புது நார் வளர்கிறது. ஏ.சி.எல்.லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது இருப்பது மூட்டுத் திரவத்துக்குள். கசிந்த ரத்தம் திரவத்தில் கரைந்து போய்விடுகிறது. இரண்டு முனைகளையும் பாலம் போட்டுச் சேர்க்க உறைகட்டி நிற்பதில்லை. தைத்தாலும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அதனால்தான் புதிதாக ஒன்றை வைப்பது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹே குரோவ்ஸ் என்ற மருத்துவர் 1917-இல் தொடைப் பட்டை ஒன்றை எடுத்து வைத்ததிலிருந்து இந்த யோசனை வளர்ந்துவருகிறது.

ஏ.சி.எல். கிழிந்த எல்லாருக்குமே கத்தி தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில், கடைக்கும் வீட்டுக்கும் நடந்தால் போதும் என்பவருக்கு, தொடைத் தசையைப் பலப்படுத்தியே சமாளிக்கலாம். 19 வயது ரைடர், திரும்பிக் கபடி ஆடியே தீருவேன் என்கிறான். பிணைநார் இல்லாமல் ஆடினால் முழங்கால் நழுவும், ஒவ்வொரு நழுவலிலும் குருத்தெலும்பு வில்லை நசுங்கும். அவனுக்கு ஆபரேஷன் என்பது நியாயமான முடிவு. அதற்கு முன் வீக்கம் வடிந்து, முழங்கால் முழுக்க நீள வேண்டும். அவசரப்பட வேண்டாம்.

நாணை எடுத்துப் பிணைநாராக வைக்கலாம் என்றால் இரண்டும் ஒன்றுதானே? உங்கள் கடிதத்தில் மிக நல்ல கேள்வி இதுதான். சரக்கு ஏறக்குறைய ஒன்று. இரண்டிலும் கொலாஜன் என்ற புரதம்தான் பிரதானம். ஆட்டுக்கால் சூப்பை நெடுநேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அல்வாபோல உறைகிறதே, கரைந்து வந்த கொலாஜன் அது. நாணில் இழைகள் தறியில் பாவு ஓட்டியதுபோல ஒரே திசையில், நெருக்கமாக. அது ஒரே பக்கம்தான் இழுபடுகிறது. பிணைநாரில் இழைகள் சற்றுக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் தாராளமாக. பல கோணத்திலிருந்து வரும் இழுப்பை அது தாங்க வேண்டும். நீண்டு சுருங்கும் எலாஸ்டின் புரதமும் பிணைநாரில் சற்று அதிகம். ஆட்டின் கழுத்துக்கறியில் மஞ்சளாக ஒரு பட்டை வரும், எத்தனை விசில் வைத்தாலும் ரப்பராகவே இருக்கும். அது எலாஸ்டின் நிறைந்த பிணைநார். மேயும் விலங்கின் தலையைத் தூக்கிப் பிடிப்பது அது. கொலாஜன் சூப்பில் கரையும், எலாஸ்டின் கரையாது.

தாம்புக்கயிற்றில் ஒரு முழம் வெட்டி ராட்டினத்தைக் கட்டினால் கட்டு நிற்கும்தானே? அதைத்தான் செய்யப்போகிறார்கள். கயிறு செய்யாத ஒன்றையும் உடம்பு செய்கிறது. வைத்த நாணில் உள்ள செல்கள் முதலில் செத்துப்போகின்றன. பிறகு சுற்றியிருக்கும் இடத்திலிருந்து ரத்தக்குழாய்களும் புதுச் செல்களும் உள்ளே ஏறி, பழைய இழைகளைப் பிரித்து மறுபடி நெய்கின்றன. ஒரு வருடத்துக்கும் மேல் நடக்கும் வேலை. கடைசியில் அது நாணாகவும் இருக்காது, அசல் ஏ.சி.எல். ஆகவும் இருக்காது, பிணைநாரின் வேலையைக் கற்றுக்கொண்ட நாண். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, செல்கள் செத்து மீண்டும் குடியேறும் அந்த முதல் சில மாதங்களில்தான் அது மிகப் பலவீனமாக இருக்கிறது. பையனுக்கோ வலி இருக்காது, வீக்கம் இருக்காது, எல்லாம் சரியாகிவிட்டது என்ற தைரியம் வரும்.

எடுத்த இடம் என்ன ஆகும்? தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள் என்றால், முழங்காலை மடக்க வேறு தசைகள் இருக்கின்றன. ஆழமாக மடக்கும்போது கொஞ்சம் பலம் குறையலாம். இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்: பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அந்த நாண் தானே மறுபடி வளர்ந்துவிடுகிறது. பல்லி வால் என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக வளர்ந்தது அசலுக்கு ஈடல்ல, பல்லிக்கும் அப்படித்தான்.

இரண்டுக்கும் நடுவில் கோடு இவ்வளவு தெளிவாக எல்லா இடத்திலும் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் சில்லுக்குக் கீழே, டாக்டர் சின்னச் சுத்தியலால் தட்டுகிற இடத்தில் ஒரு பட்டை உண்டு. சில்லு ஓர் எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு. எலும்புக்கு எலும்பு, ஆக பிணைநார் என்பார் உடற்கூறு வாத்தியார். அதில் ஓடுவது தொடைத் தசையின் இழுப்பு, ஆக நாண் என்பார் அறுவை மருத்துவர். நான் இரண்டாவது கட்சி.

அம்மாவுக்குப் பதில். சுளுக்கு என்ற நம் சொல்லில் தசை பிடித்துக்கொண்டதும், நாண் நைந்ததும், பிணைநார் கிழிந்ததும் எல்லாம் அடங்கும். காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வதும் வழித்துவிடுவதும், தானாக ஆறக்கூடிய சுளுக்கில் நடந்தால் பெயர் அவர்களுக்குப் போய்ச் சேரும். இறுகிய சதைக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது இதமாக இருக்கும், நான் தடுக்க மாட்டேன். முழங்காலுக்குள் அறுந்து கிடக்கும் ஏ.சி.எல்.லுக்கு எந்த விரலும் எட்டாது. புதிதாக அடிபட்டு வீங்கிய மூட்டை முதல் சில நாளில் அழுத்தி வழித்தால் ரத்தக் கசிவுதான் கூடும். அம்மாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: யாருக்காவது கணுக்கால் பிசகி, நாலு எட்டுகூட எடுத்துவைக்க முடியவில்லை என்றாலும், கணு எலும்பைத் தொட்டாலே துடித்தாலும், எண்ணெய்க்கு முன் எக்ஸ்ரே.

மகனுக்குப் பதில். இந்தப் பொங்கலுக்கு ஆட முடியாது. ஆபரேஷன் முடிந்து குறைந்தது 9 மாதம். அதன்பிறகும் இரண்டு தொடையின் பலமும் ஏறக்குறைய சமமாகி, ஒற்றைக்காலில் குதித்துத் தடுமாறாமல் நின்றால்தான் கோட்டுக்குள் இறங்கலாம். பிணைநாருக்குள் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்முனைகள் இருந்தன. கிழிந்தபோது அவையும் போயின. ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கொடுத்தால் சிரிக்காமல் செய்யச் சொல்லுங்கள். போட்டி நாளன்று வீட்டில் அடைத்துவைக்க வேண்டியதில்லை. மைதானத்துக்குப் போகட்டும். ஸ்கோர் எழுதும் மேசையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொடுங்கள், காலை நீட்டி உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்து.